கால் ஆணியை வெட்டாதீர்கள், செருப்பைத் திருப்பிப் பாருங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பது நிமிஷம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இன்னும் ஒரு பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு செய்தி வந்தது. பூண்டை நசுக்கி ராத்திரி கட்டிப் படுத்தால் கால் ஆணி விடிவதற்குள் வேரோடு விழுந்துவிடுமாம். மறுநாள் பழைய மாணவர்கள் குழுவிலும் அதே செய்தி. இரண்டு இடத்திலும் கும்பிடும் கைகள், பூங்கொத்துகள். "நான் பிளேடாலேயே சீவி விட்டுருவேன் அத்தை, அஞ்சு நிமிஷ வேலை" என்று ஒரு மருமகன் பெருமையாகச் சொன்னான். "எங்க தெரு மருந்துக்கடையில ஒட்டுற பிளாஸ்டர் இருக்கு, கேட்டாலே குடுப்பாங்க" என்றாள் ஒரு மதினி.

இந்த மூன்றும் தப்பு. தப்பு என்று நாசூக்காகச் சொல்லி விட்டுவிடும் தப்பும் இல்லை. சர்க்கரை இருக்கிற வீட்டில் இது விரலைக் கொண்டுபோகும், காலையும் கொண்டுபோகும். அதனால் சண்டைக்காரி என்று பெயர் வந்தாலும் பரவாயில்லை என்று எழுதுகிறேன்.

முதலில் பாடம். எட்டாம் வகுப்பில் அழுத்தம் நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். ஒரே விசைதான், ஆனால் ஊசி முனையில் விழுந்தால் குத்தும், உள்ளங்கையில் விழுந்தால் குத்தாது. ஒட்டகத்துக்கு ஏன் அகலமான பாதம் என்று கேட்டால் கடைசி பெஞ்சுகூடக் கை தூக்கும். அந்தப் பாடத்தை நம் காலுக்கு ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை.

இப்போது போட்டுப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கிறார். ஒரு கால் தரையில் ஊன்றும்போது மொத்த எடையும் அந்தக் காலில். பாதத்தில் 100 சதுர சென்டிமீட்டர் தரையைத் தொட்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 600 கிராம். செருப்பு தேய்ந்தோ, விரல் வளைந்தோ 20 சதுர சென்டிமீட்டர் மட்டும் தொட்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 3 கிலோ. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடி வைக்கிறோம்? அத்தனை முறையும் அதே இடத்தில் அந்த 3 கிலோ இறங்குகிறது.

தோல் என்ன செய்யும்? மேலடுக்கைத் தடிக்க வைக்கும். மண்வெட்டி பிடிப்பவர் உள்ளங்கையில் காய்ப்பு வருகிறதே, அதேதான். அழுத்தம் அகலமாகப் பரவிய இடத்தில் பரந்த காய்ப்பு. சின்ன இடத்தில், எலும்பு துருத்திய மேட்டில், ஒரே புள்ளியில் விழுந்தால் அந்தத் தடிப்பு கூம்பு மாதிரி உள்நோக்கி இறுகும். நடுவில் கண்ணாடித் துண்டு மாதிரி ஒரு கெட்டி. அதுதான் ஆணி. மிதித்தால் கூம்பின் முனை உள்ளே நரம்பை அழுத்துகிறது, உயிர் போகிறது. நம் ஆட்கள் ஆணி என்று பொருத்தமாகத்தான் பெயர் வைத்தார்கள். மருத்துவ நூல்களில் அதற்கு க்ளாவஸ் என்று பெயர். லத்தீன் மொழியில் அதற்கும் ஆணி என்றுதான் அர்த்தம்.

இங்கே ஒரு விஷயத்தை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆணிக்கு வேர் கிடையாது. அது செடியும் இல்லை, புழுவும் இல்லை, செத்த தோலின் அடுக்கு. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் உட்கார்ந்து "வேரோடு எடுத்துத் தாரேன்" என்று ஒருவர் எதையோ எடுத்துக் காட்டினால், அவர் காட்டுவது உங்கள் காலில் முளைத்த வேர் அல்ல. எடுத்த பிறகும் ஏன் திரும்ப வருகிறது? வேர் மிச்சம் இருப்பதால் இல்லை. அதே செருப்பை மாட்டிக்கொண்டு, அதே மாதிரி நடந்து வீட்டுக்குப் போவதால்.

இதுதான் நான் இந்தப் பதிவில் சொல்ல வந்த ஒரே விஷயம். ஆணி காலில் இருக்கிறது, அதன் காரணம் பெரும்பாலும் செருப்பிலும் தரையிலும் நாம் நிற்கிற, உட்காருகிற விதத்திலும் இருக்கிறது. காரணத்தை விட்டுவிட்டுக் காலை வெட்டுவது, மழை ஒழுகும் வீட்டில் கூரையைப் பார்க்காமல் தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பது போல.

நம்ம ஊரிலேயே பாருங்கள். முக்கூடல், மேலப்பாளையம், கடையம், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் கணுக்காலைக் கவனித்திருக்கிறீர்களா? வெளிப்பக்க எலும்பு மேல் கறுத்துத் தடித்திருக்கும். காலை முதல் சாயங்காலம் வரை மடியில் தட்டை வைத்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறார்கள். எலும்புக்கும் சிமெண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு தோல் மட்டும். என்னிடம் படித்த பிள்ளைகளில் பலர் அந்தப் பீடிக் கூலியில் நோட்டு வாங்கியவர்கள். அம்மாவின் கணுக்காலுக்கு அடியில் ஒரு பழைய சேலையை நாலாக மடித்து வைக்கக் காசு தேவையில்லை. "கறுப்பா அசிங்கமா இருக்கு" என்று கிரீம் வாங்கிக் கொடுத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். துணி மடித்து வைத்த பிள்ளையை இன்னும் பார்க்கவில்லை.

அடுத்து ஜவுளிக்கடைப் பெண்கள். பத்து மணி நேரம் நின்றே ஆக வேண்டிய வேலை. 2021-ல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தையே திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கேரளம் அதற்கு முன்பே 2018-ல் செய்தது. சட்டம் வந்துவிட்டது. நீங்கள் துணி எடுக்கப் போகும்போது அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தால், "எந்திரிச்சு வந்து காட்டும்மா" என்று அதட்டாமல் இருங்கள். அவள் பாதத்துக்கு நீங்கள் செய்யும் வைத்தியம் அது. கடை வைத்திருக்கும் என் மாணவர்கள் நாலைந்து பேர் இதை வாசிப்பார்கள். ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டு, அதில் உட்கார்ந்தால் முறைப்பதில் பிரயோஜனம் இல்லை என்பது அவர்களுக்கு.

இனி அந்த மூன்று வைத்தியங்களுக்கு வருகிறேன்.

பூண்டு. பச்சைப் பூண்டை நசுக்கித் தோலில் கட்டி ராத்திரி முழுக்க விட்டால் தோல் வெந்துபோகும். நெருப்புச் சுட்ட மாதிரியே கொப்புளம் வரும். எருக்கம்பாலும் அப்படித்தான். சேராங்கொட்டை இன்னும் மோசம். துணியில் அழியாத குறி போடப் பயன்பட்ட கொட்டை அது, தோலை விட்டுவைக்குமா? "இயற்கை மருந்து, பக்கவிளைவு கிடையாது" என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. அரளியும் இயற்கைதானே? சித்த வைத்தியத்தில் நம்பிக்கை இருக்கிறவர்கள் தாராளமாகப் போங்கள். 1964-லிருந்து பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்த வைத்தியர் உங்கள் காலைப் பார்த்து மருந்து தருவார். யாரோ அனுப்பியதை யாருக்கோ அனுப்புவதற்குச் சித்த வைத்தியம் என்று பெயர் இல்லை.

பிளேடு. மருமகனே, உன் கை நடுங்காது, சரி. உள்ளங்காலை நீயே வளைத்துப் பார்த்துச் சீவும்போது செத்த தோல் எங்கே முடிகிறது, உயிர்த்தோல் எங்கே தொடங்குகிறது என்று உனக்குத் தெரியுமா? ரத்தம் வந்த பிறகுதான் தெரியும். முகம் மழித்த பிளேடு, குளியலறை ஈரம், அடுத்து அந்தக் காலோடு தெருவுக்குப் போவது. கிருமி உள்ளே போக இதைவிட நல்ல வாசல் வேண்டுமா? மருத்துவமனையிலும் சீவத்தான் செய்கிறார்கள். அதை நான் மறைக்கவில்லை. முறையாகச் செதுக்கினால் அழுத்தம் குறையவும் செய்யும். சர்க்கரை நோயாளிகளின் பாதக் காய்ப்பைச் செதுக்கியதும் அந்த இடத்து அழுத்தம் கால் பங்குக்கு மேல் குறைந்தது என்று 1992-ல் ஓர் ஆய்வே வந்திருக்கிறது. ஆனால் அது சுத்தம் செய்த கருவியில், பழகிய கையில், நல்ல வெளிச்சத்தில், ரத்த ஓட்டம் எப்படி என்று தொட்டுப் பார்த்த பிறகு நடப்பது. அவர்கள் செய்கிறார்களே என்று நாமும் செய்வதானால், பல் பிடுங்கக் குறடு போதும் என்று சொல்லலாம்.

கார்ன் கேப். ஒட்டுகிற அந்த வட்டப் பிளாஸ்டரின் நடுவில் இருப்பது சாலிசிலிக் அமிலம். பெரும்பாலும் 40 சதவீதம். தடித்த தோலைக் கரைப்பதுதான் அதன் வேலை, அந்த வேலையை அது செய்யும். ஆனால் ஆணி எது, பக்கத்துத் தோல் எது என்று அமிலத்துக்குத் தெரியாது. கொஞ்சம் நகர்ந்து ஒட்டினால் நல்ல தோலையும் அரிக்கும். சர்க்கரை இல்லாதவருக்கு எரியும், பிய்த்து எறிந்துவிடுவார். உணர்வு குறைந்த காலுக்கு எரியாது.

என் உறவில் ஒருவர். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. சுண்டுவிரலுக்கு அடியில் ஆணி. மருந்துக்கடையில் கேட்டார், பிளாஸ்டர் கொடுத்தார்கள். "சுகர் இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தார். வெள்ளையாக ஊறிப்போயிருந்தது, வலி இல்லை. வலி இல்லாததை நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டு இன்னொன்று ஒட்டினார். பத்தாவது நாள் அறையில் ஒரு வாடை. எலி செத்துக் கிடக்கிறது என்று அவர் மனைவி கட்டிலுக்கு அடியில் தேடியிருக்கிறார். வாடை காலிலிருந்து வந்தது. சுண்டுவிரலும் அதற்குப் பின்னால் இருக்கும் எலும்பில் ஒரு பகுதியும் போயின. மூன்று மாதம் படுக்கை. ஒரு பிளாஸ்டரின் விலையை அந்த வீட்டுக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

வலி இல்லாததுதான் ஆபத்து என்பதை உலகத்துக்கு அழுத்தமாகச் சொன்னவர் நம் தமிழ்நாட்டில் பிறந்தவர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில், அங்கே ஊழியம் செய்த ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தார். அறுவை சிகிச்சை மருத்துவராகி 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அன்றைக்குத் தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி உதிர்வது நோயின் இயல்பு என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவர் பக்கத்தில் இருந்து கவனித்துச் சொன்னார்: நோய் தின்பது நரம்பை. உணர்வு போனதால், காலில் முள் ஏறினாலும் தெரிவதில்லை, செருப்பு கடித்தாலும் தெரிவதில்லை, ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து விழுந்து புண்ணாகிறது. காலைக் காப்பாற்ற வேண்டுமானால் அழுத்தத்தைப் பரப்ப வேண்டும். அப்படித்தான் வேலூரிலும் காரிகிரியிலும் மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பரில் செருப்பு செய்யும் வேலை வளர்ந்தது. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று மருத்துவர்கள் எழுதித் தருவது அந்த ரப்பர்ச் செருப்பைத்தான். 1966-ல் அவர் அமெரிக்காவில் கார்வில் என்ற ஊருக்குப் போனார். வேலூரில் தொழுநோய்க் கால்களிடம் கற்ற பாடம் அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காப்பாற்ற உதவியது.

நம்மிடமிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடம் இது. நாமோ பூண்டைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடி. இந்தப் பதிவை வாசிக்கும் வீடுகளில் மாத்திரை டப்பா இல்லாத வீடு எது என்று எண்ணிப் பாருங்கள். "ஆணிக்கெல்லாம் ஒரு டாக்டரா?" என்ற கேள்வி அந்த வீடுகளில் இனி எழக்கூடாது.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்றும் எனக்குத் தெரியும். "எங்க ஆச்சி எண்பது வயசு வரைக்கும் செருப்பே போடல. வயலுக்கும் ஆத்துக்கும் வெறுங்காலோடதான் போனா. அவளுக்கு என்ன ஆச்சு?" நல்ல கேள்வி, பதில் சொல்ல வேண்டிய கேள்வி. காய்ப்பு எல்லாமே கெட்டது என்று நான் சொல்லவில்லை. கென்யாவில் செருப்பில்லாமல் நடப்பவர்களின் பாதங்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2019-ல் நேச்சர் இதழில் வந்தது. பாதம் முழுக்கத் தடித்திருந்தாலும் தரையை உணரும் திறன் குறையவில்லை என்று கண்டார்கள். ஆச்சியின் பாதமும் அப்படித்தான். பாதம் முழுவதும் சீராகத் தடித்த, விரல்கள் விசிறி போல் விரிந்த பாதம். அவள் நடந்தது வரப்பிலும் மணலிலும். நாம் நடப்பது டைல்ஸிலும் தாரிலும். அவளுக்குக் கூர்முனை ஷூவும் இல்லை, இருபது வருஷச் சர்க்கரையும் இல்லை. ஆச்சியைச் சாட்சிக்கு அழைப்பதானால் ஆச்சியின் வாழ்க்கையையும் சேர்த்து அழைக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஆச்சி தினமும் வைத்தியம் செய்துகொண்டுதான் இருந்தாள். குறுக்குத்துறையிலோ சிந்துபூந்துறையிலோ பெண்கள் குளிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துணி துவைத்து முடிக்கும் வரை அரை மணி நேரம் கால் தாமிரபரணித் தண்ணீரில் ஊறும். ஊறிய குதிகாலைப் படிக்கல்லில் மெல்லத் தேய்ப்பார்கள். மஞ்சள் தேய்த்துக் குளித்து, வீட்டுக்கு வந்து ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொள்வார்கள். ஊற வைப்பது, தேய்ப்பது, எண்ணெய்ப் பசை. இன்றைக்கு மருத்துவர் சொல்லும் முறையும் அதுதான். வழுவழுப்பான டைல்ஸ் குளியலறை வந்ததும் அந்தப் படிக்கல் போய்விட்டது, அதன் இடத்துக்கு பிளேடு வந்துவிட்டது. பழமை பேசுகிறவர்கள் ஆச்சியின் படிக்கல்லை விட்டுவிட்டு, யாருடையதோ ஒரு சேராங்கொட்டையைப் பிடித்துக்கொள்வது ஏன் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

பக்தி விஷயத்தையும் தொடாமல் போக மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நெல்லையப்பர் தேர்வடத்தை நானும் பிடித்திருக்கிறேன். ஆனித் தேரோட்டத்தில் ரத வீதித் தார் எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியும். நமக்குச் சுடுகிறது, காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறோம். உணர்வு போன காலுக்குச் சுடாது. கொப்புளம் வந்ததே வீட்டுக்கு வந்துதான் தெரியும். திருச்செந்தூருக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பாதயாத்திரை போகிறவர்களில் சர்க்கரை உள்ளவர்கள், மருத்துவரைக் கேட்டுவிட்டு, நல்ல செருப்போடு போங்கள். கோயில் வாசலில் கழற்றிக்கொள்ளலாம். மத்தியானக் கல் பிரகாரத்தைத் தவிர்த்துக் காலையில் போங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். அவன் அப்பனைவிட உங்கள் காலின் மேல் அவனுக்கு அக்கறை அதிகம் இருக்கும், நீங்கள் நடந்து வருவது அவனைப் பார்க்கத்தானே.

சரி, திட்டியது போதும். செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

1. ஒரு வெள்ளைத் தாளில் வெறுங்காலோடு நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். உங்கள் செருப்பை, ஷூவை அதன் மேல் வையுங்கள். பாதக் கோடு வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தால், துருத்தும் இடத்தில்தான் ஆணி இருக்கும். இல்லையென்றால் வரப்போகிறது.

2. செருப்பைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கே உங்கள் எடை விழுகிறது. விரல் வைத்து அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு நைந்த ரப்பர் செருப்பை "இன்னும் அறுந்து போகலையே" என்று போட்டுக்கொண்டு திரியாதீர்கள்.

3. செருப்பு, ஷூ வாங்கச் சாயங்காலம் போங்கள். பகலெல்லாம் நடந்து கால் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரியான அளவு. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும்.

4. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் ஊற வைத்து, நுரைக்கல்லால் மெல்லத் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவுங்கள். ஒரே நாளில் முழுக்க எடுத்துவிடும் ஆசை வேண்டாம். தடிப்பு அதிகமென்றால் மருத்துவரைக் கேட்டு யூரியா கலந்த கிரீம் வாங்கலாம். வயலுக்குப் போடும் யூரியா மூட்டையை யாரும் பிரித்துவிடாதீர்கள், சொல்லிவிட்டேன். விரல் இடுக்கில் எதையும் தடவாதீர்கள், அங்கே ஈரம் தங்கக் கூடாது.

5. விரல் இடுக்கில், முக்கியமாக நாலாவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில், வெள்ளையாக ஊறின ஆணி வரும். ஷூ இறுக்கமும் வியர்வையும் சேர்ந்து செய்யும் வேலை. குளித்ததும் துணியால் ஒற்றி எடுங்கள். ஷூவை மாற்றுங்கள்.

6. ஆணி மாதிரியே இருக்கும் மரு வேறு. அது வைரஸால் வருவது. நேராக அழுத்தினால் வலிப்பது பெரும்பாலும் ஆணி. இரண்டு பக்கமும் கிள்ளினால் வலிப்பது, உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரிவது மருவாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

7. சர்க்கரை உள்ளவர்களுக்கு நாலாவது விதியில் ஊற வைப்பதும் தேய்ப்பதும் கிடையாது. பிளேடு, கார்ன் கேப், பூண்டு எதுவும் கிடையாது. சூடு தெரியாத காலை வெந்நீரில் வைப்பதும் ஆபத்து. பின்வார் உள்ள செருப்பு போடுங்கள். உணர்வில்லாத காலிலிருந்து ஹவாய் செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. செருப்பைப் போடும் முன் உதறிப் பாருங்கள். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தோ பேரப்பிள்ளையிடம் காட்டியோ பார்த்துவிடுங்கள். காய்ப்புக்குள் கறுப்பாகவோ சிவப்பாகவோ ரத்தக் கறை தெரிந்தால் அடியில் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் காலை ஆஸ்பத்திரி. அடுத்த வாரம் என்பது கிடையாது.

8. வீட்டிலேயே உணர்வைச் சோதிக்கலாம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரில் உருவாக்கிய எளிய சோதனை. பெரியவரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு வினாடி லேசாகத் தொடுங்கள். அழுத்தாதீர்கள், தட்டாதீர்கள். தொட்டது தெரிந்ததும் எந்தக் கால் என்று சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்திருக்கிறது. மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்குங்கள். சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கென்றே "பாதம் பாதுகாப்போம்" என்று தமிழ்நாடு அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது, அதைச் சொல்லிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து "மக்களைத் தேடி மருத்துவம்" என்று வீட்டு வாசலுக்கு வந்து மாத்திரை கொடுக்கிறார்களே, அந்தத் தங்கச்சியிடமும் காலை நீட்டிக் காட்டக் கூச்சப்படாதீர்கள். பெரிய பிரச்சினை என்றால் ஹைகிரவுண்டில் 1965-லிருந்து நம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

கூச்சம் என்று சொன்னேனே, கடைசியாக அதைப் பற்றி. நம் வீட்டுப் பெண்கள் காலைக் காட்ட மாட்டார்கள். காலைப் பற்றிப் பேசுவதே மரியாதைக் குறைவு என்று வளர்த்துவிட்டோம். தலைவலி என்றால் அடுக்களையிலிருந்து குரல் வரும். கால் ஆணி என்றால் நொண்டிக்கொண்டே சமைப்பார்கள். கேட்டால் "ஒன்னுமில்ல, செருப்பு கடிச்சிருக்கு" என்பார்கள். ஆனால் அந்தக் காலைத் தொட்டுத்தான் நாம் ஆசீர்வாதம் வாங்குகிறோம். விழுந்து கும்பிடத் தெரிந்த நமக்கு, ஒரு நிமிஷம் அந்தப் பாதத்தைத் திருப்பிப் பார்க்கத் தெரியவில்லை.

எனவே வீட்டுப்பாடம் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். அம்மா, அப்பா, மாமியார், மாமனார், வீட்டில் யார் மூத்தவரோ அவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, நீங்கள் தரையில் உட்காருங்கள். பாதத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆறு விரல் சோதனையைச் செய்யுங்கள். பிறகு தாளை விரித்துக் கோடு போட்டு, அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு செருப்புக் கடைக்குப் போங்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் வீடியோ காலில் சொல்லிச் செய்ய வையுங்கள், செருப்புக்குக் காசை அனுப்பிவிடுங்கள். பிளேடு மருமகனும் இதைச் செய்ய வேண்டும், உன் மாமனாருக்குச் சர்க்கரை என்பது எனக்குத் தெரியும்.

செய்தவர்கள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். செய்யாதவர்கள் யார் யார் என்றும் கேட்பேன். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான்.

உங்கள் அன்பு,
டீச்சர்